‘டு லிவ் அண்ட் டை இன் எல்.ஏ.’: எந்தப் பதிப்பை வாங்கலாம்?

கள்ளநோட்டு அடிக்கும் ஒருவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அதற்கு நோட்டு வாங்க வந்தவர்கள்போல நடிக்க வேண்டும். அவன் கேட்கும் முன்பணம் 30,000 டாலர். மேலிடம் தர ஒப்புவது 10,000. மீதிக்கு அந்த இரண்டு சீக்ரெட் சர்வீஸ் அதிகாரிகளும் எங்கே போவார்கள்? வழிப்பறிக்குப் போகிறார்கள். வில்லியம் ஃப்ரீட்கின் 1985ல் இயக்கிய படத்துக்கு இதுதான் அச்சாணி. ‘தி எக்ஸார்சிஸ்ட்’ என்ற பேயோட்டும் படத்தாலேயே உலகமறிந்த இயக்குநர் என்பதால் இந்தப் படம் அந்தப் புகழின் நிழலிலேயே கிடந்துவிட்டது. வெளியான காலத்தில் ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரம் கொடுத்தார். கூட்டம் அந்த அளவுக்கு வரவில்லை. வில்லியம் பீட்டர்சனும் வில்லெம் டஃபோவும் அப்போது பெயர் தெரிந்த நடிகர்கள் அல்ல என்பதும் ஒரு காரணம்.

மூலக்கதை ஜெரால்ட் பெட்டிவிச்சின் நாவல். அவரே சீக்ரெட் சர்வீஸில் வேலை பார்த்தவர். அந்தத் துறை 2003 வரை அமெரிக்க நிதித் துறையின் கீழ் இருந்தது. அதிபருக்குக் காவல் நிற்பதும் கள்ளநோட்டைத் துரத்துவதும் ஒரே ஆட்கள்தான் என்று தெரிந்திருந்தால், ஓட்டல் மொட்டைமாடியில் போய் முடியும் முதல் காட்சி உங்களைக் குழப்பாது.

படத்தை வாங்கலாம் என்று முடிவு செய்து தேடினால் நான்கைந்து பதிப்புகள் எதிரே வந்து நிற்கும். 2003ல் எம்ஜிஎம் வெளியிட்ட டிவிடி, அதே நிறுவனத்தின் 2010 ப்ளூ-ரே, 2016ல் அமெரிக்காவில் ஷவுட் ஃபேக்டரியும் பிரிட்டனில் ஆரோவும் கொண்டுவந்த ப்ளூ-ரேக்கள், 2023ல் கினோ லார்பர் கொண்டுவந்த 4கே அல்ட்ரா ஹெச்டி. புதியதுதானே நல்லது, அதை வாங்கிவிட்டுப் போகலாம் என்றால் பாதி சரி. மீதிப் பாதியைத் தீர்மானிப்பவை நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள், டிவிக்குக் கீழே என்ன பிளேயர் வைத்திருக்கிறீர்கள் என்ற இரண்டும்.

வட்டின் தரம் இந்தப் படத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியம்

ஒளிப்பதிவாளர் ராபி முல்லர் நெதர்லாந்துக்காரர். லாஸ் ஏஞ்சலஸை ஹாலிவுட்காரர்கள் காட்டுவதுபோல அவர் காட்டவில்லை. பனைமரமும் நீச்சல்குளமும் கொஞ்சம்தான். எண்ணெய்க் கிணறு, ரயில் யார்டு, துறைமுகக் கிடங்கு, புகைமூட்டத்தில் செக்கச்செவேலென்று விழும் சூரியன், இவைதான் அவருடைய ஊர். தொடக்கத்தில் வானம் முழுக்கப் பரவும் சிவப்பைப் பழைய டிவிடியில் பாருங்கள். ஒரே சீராக மங்க வேண்டிய நிறம் படிக்கட்டுபோலப் பட்டைபட்டையாகப் பிரிந்து நிற்கும். டிவிடியில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். அதிலும் நிறத் தகவலின் நுணுக்கம் ஒளித் தகவலில் கால் பங்குதான். அல்ட்ரா ஹெச்டியில் ஒவ்வொரு நிறத்துக்கும் 1,024 படிகள். பட்டை விழும் வானம் இங்கே வானமாகவே தெரிவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, பிலிம் துகள். 35 மி.மீ. பிலிமில் எடுத்த படம் இது. வெளிச்சம் குறைந்த அறைகளில் துகள் தடிமனாகவே இருக்கும். அது பழுதில்லை, படத்தின் தோலே அதுதான். ஆனால் ஒவ்வொரு ஃபிரேமிலும் துகள் இடம் மாறுவதால் டிஜிட்டல் சுருக்கத்துக்கு அதுதான் பெரிய எதிரி. பிட் விகிதம் (நொடிக்கு இத்தனை என்று கொடுக்கும் தகவல் அளவு) போதாத இடத்தில் துகள் கட்டங்கட்டமாக உறைந்துபோகும், அல்லது வழுவழுவென்று மெழுகுப் பொம்மையாகிவிடும். படம் 116 நிமிடம். நொடிக்கு 30 மெகாபிட் கொடுத்தால் 26 ஜிபி வேண்டும். 50 ஜிபி ப்ளூ-ரேயில் தாராளமாக அடங்கும். 80 மெகாபிட் கொடுத்தால் ஏறத்தாழ 70 ஜிபி; அதற்குத்தான் 100 ஜிபி மூன்றடுக்கு வட்டு. ஸ்ட்ரீமிங்கில் 1080பி என்று போட்டுவிட்டு 5 முதல் 8 மெகாபிட்டில் அனுப்புவார்கள். எண்ணிக்கையில் ஒரே 1080தான், சாறு வேறு.

மூன்றாவது, நோட்டு அச்சடிக்கும் காட்சி. கள்ளநோட்டுக்காரனாக வரும் டஃபோ பிலிம் எடுத்து, தகடு தயாரித்து, மை கலந்து, ஆஃப்செட் எந்திரத்தில் 20 டாலர் நோட்டுகளை ஓட்டி, வெட்டி, உலர்த்தும் எந்திரத்தில் போட்டுப் புழங்கிய நோட்டாக்குவது வரை ஏறக்குறைய வசனமே இல்லாமல் நகர்கிறது. கைவேலை தெரிந்த ஒருவரின் விரல்கள் அவை. கள்ளநோட்டு அடித்துப் பழகிய ஒருவரையே ஃப்ரீட்கின் ஆலோசனைக்கு வைத்துக்கொண்டார். இந்தக் காட்சியின் ருசி தாளின் நாரிலும் மையின் ஈரத்திலும் இருக்கிறது. டிவிடியில் அது வெறும் பச்சைத் தாள்.

2003 டிவிடி: படத்துக்காக அல்ல

இதை முதலிலேயே தள்ளிவிடத் தோன்றும். 720க்கு 480 என்றால் ஏறக்குறைய மூன்றரை லட்சம் புள்ளிகள். ப்ளூ-ரேயில் இருபது லட்சத்துக்கு மேல். ஆறில் ஒரு பங்கு. 55 அங்குல டிவியில் நீட்டிப் பார்த்தால் முகங்கள் கரைகின்றன. ஆனாலும் தள்ளிவிடாதீர்கள். படம் ஓட ஓட ஃப்ரீட்கின் பேசிக்கொண்டே வரும் ஒலிவிளக்கம், படம் உருவான கதையைச் சொல்லும் அரைமணி நேர ஆவணப்படம், நீக்கிய காட்சி, மாற்று முடிவு எல்லாம் முதன்முதலில் இதில்தான் வந்தன. பின்னால் வந்த பதிப்புகள் இவற்றையே எடுத்து அடுக்கிக்கொண்டன. இந்தியாவில் இருப்பவருக்கு இது எப்படிக் கைகொடுக்கும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

ஐரோப்பிய டிவிடி மலிவாகக் கிடைத்தால் ஒரு எச்சரிக்கை. அவை பால் (PAL) என்ற ஐரோப்பிய வீடியோ முறையில், நொடிக்கு 25 ஃபிரேமாக ஓடுபவை. சினிமா எடுத்தது 24ல். விளைவு, 116 நிமிடப் படம் 111 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதி சரி செய்யப்படாத வட்டென்றால் ஒலியும் முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறிவிடும். பேச்சு மட்டும் உள்ள படத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இந்தப் படத்திலோ வாங் சங் குழுவின் சின்தசைசர் இசைதான் நாடித்துடிப்பு. அந்த இசைத்தட்டைக் கேட்டுப் பழகியவருக்கு முதல் நிமிடத்திலேயே இடறும். ப்ளூ-ரேயும் அல்ட்ரா ஹெச்டியும் 24லேயே ஓடுவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

2010 ப்ளூ-ரேயைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. டிவிடியைவிடக் கூர்மை, அதற்குப் பின் வந்த இரண்டு ஸ்கேன்களுக்கும் முன்னால் அது பழையது. மிக மலிவாகக் கிடைத்தால் ஒழிய வேண்டாம்.

2016: ஷவுட்டா, ஆரோவா

இரண்டுமே புதிதாக ஸ்கேன் செய்து 1080பி-யில் வெளியிட்டவை. படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மயிர்பிளந்து பார்ப்பதற்கு இங்கே பெரிதாக எதுவும் இல்லை. பீட்டர்சன், நடிகை டெப்ரா ஃபியூவர், வாங் சங் குழுவினர், கார் துரத்தல் போன்ற சாகசக் காட்சிகளை அமைத்த ‘படி’ (Buddy) ஜோ ஹூக்கர் ஆகியோருடனான புதிய பேட்டிகள் ஷவுட் பதிப்பில் வந்தன. தேர்வைத் தீர்மானிப்பது பிராந்தியக் குறியீடு, அதாவது எந்த நாட்டு பிளேயரில் வட்டு ஓடலாம் என்று போடும் பூட்டு. ஷவுட் ‘ஏ’. ஆரோ ‘பி’.

கனடா, அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ‘ஏ’. அங்கே இருப்பவர்கள் ஷவுட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இலண்டன், பாரிஸ், துபாய், மெல்பர்ன் ‘பி’, ஆரோ. இந்தியாவும் இலங்கையும் ‘சி’. ஆக, சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கடையில் வாங்கிய சாதாரண ப்ளூ-ரே பிளேயரில் இரண்டுமே ஓடாது. வட்டைப் போட்டதும் “இந்தப் பிராந்தியத்துக்கு உரியதல்ல” என்று திரையில் வரும், அவ்வளவுதான். பர்மா பஜார் காலத்து டிவிடி பிளேயர்களில் ரிமோட்டில் நான்கு எண்ணை அழுத்திப் பூட்டைத் திறந்த பழக்கத்தில், ப்ளூ-ரேயிலும் அப்படி ஏதாவது இருக்கும் என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள். சில மாடல்களைத் தவிர ரிமோட் வித்தை இங்கே செல்லாது. உள்ளே சிறிய சர்க்யூட் பொருத்திய ‘எல்லாப் பிராந்திய’ பிளேயரைத் தனியாக வாங்க வேண்டும். அதன் விலை சாதாரண பிளேயரைவிடக் கூடுதல். உற்பத்தியாளர் உத்தரவாதமும் பெரும்பாலும் போய்விடும். கேம் கன்சோல்களில் பூட்டைத் திறக்கவே வழியில்லை.

கணினி ஒரு விதிவிலக்கு. டிவிடி டிரைவ்களில் பிராந்தியம் டிரைவின் நினைவிலேயே எழுதப்படும். ஐந்து முறை மாற்றலாம், பிறகு கடைசியாக வைத்ததே நிரந்தரம். ப்ளூ-ரேயில் அதைப் பார்ப்பது டிரைவ் அல்ல, ஓட்டும் மென்பொருள். அதனால் யூஎஸ்பி-யில் செருகும் ஒரு ப்ளூ-ரே டிரைவும் அமைப்பை மாற்றவிடும் மென்பொருளும் இருந்தால் மடிக்கணினியிலிருந்து ஹெச்டிஎம்ஐ வழியாக டிவியில் ஓட்டிக்கொள்ளலாம். டெஸ்க்டாப் திரையின் புதுப்பிப்பு விகிதத்தை 24 அல்லது 23.976க்கு மாற்ற மறந்தால் கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் குலுங்கல் தெரியும்.

2023 அல்ட்ரா ஹெச்டி: பூட்டில்லாத வட்டு, பூட்டிய துணைவட்டு

அல்ட்ரா ஹெச்டி வட்டுகளுக்கு வணிகரீதியாகப் பிராந்தியக் குறியீடே கிடையாது. அமெரிக்காவில் அச்சான வட்டு அம்பத்தூரில் வாங்கிய பிளேயரில் அப்படியே ஓடும். இந்தியாவிலோ இலங்கையிலோ இருப்பவருக்கு, கேட்க வினோதமாக இருந்தாலும், இருப்பதிலேயே விலைகூடிய பதிப்புதான் இருப்பதிலேயே சிக்கலில்லாத பதிப்பு. கினோ இதற்காக மூல நெகட்டிவின் 4கே ஸ்கேனிலிருந்து, வெளிச்சத்தின் வீச்சை விரிவாக்கும் ஹெச்டிஆர், அதன் மேம்பட்ட வகையான டால்பி விஷன் இரண்டுக்குமான நிறச் சீரமைப்போடு வெளியிட்டது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பெட்டிக்குள் இரண்டு வட்டுகள்: ஒன்று அல்ட்ரா ஹெச்டி, மற்றது ப்ளூ-ரே. பேட்டிகள், ஆவணப்படம், மாற்று முடிவு போன்றவை இரண்டாவது வட்டில். அந்த வட்டு ‘ஏ’. ஆக, இந்தியப் பிளேயரில் படம் ஓடும், ஒலிவிளக்கம் கேட்கும், மற்றவை பூட்டிய பெட்டிதான். 2003 டிவிடியைத் தள்ளாதீர்கள் என்றது இதற்காகத்தான். பழைய டிவிடி பிளேயர்களில் பல பிராந்தியம் பார்க்காதவை. கைமாறிய டிவிடி அற்ப விலைக்குக் கிடைக்கும். படத்துக்குக் கினோ, ஆவணப்படத்துக்கும் மாற்று முடிவுக்கும் எம்ஜிஎம் டிவிடி. இந்த ஜோடி, சர்க்யூட் மாற்றிய பிளேயர் வாங்குவதைவிடப் பல மடங்கு சிக்கனம். விட்டுப்போவது 2016ல் எடுத்த பேட்டிகள் மட்டும். அதிலும் ஹூக்கர் பேட்டியை இழப்பதுதான் கொஞ்சம் உறுத்தும்.

ஏனென்றால் அந்தத் துரத்தல். ரயில் யார்டில் தொடங்கி, லாரிகள் அடைத்து நிற்கும் சந்துகளில் புகுந்து, சிமென்ட் கால்வாயான லாஸ் ஏஞ்சலஸ் ஆற்றில் இறங்கி, கடைசியில் விரைவுச்சாலையில் எதிர்த்திசையில் ஏறுகிறது. கிராஃபிக்ஸ் கிடையாது, நிஜ வண்டிகள், நிஜச் சாலை. டெர்மினல் ஐலண்ட் விரைவுச்சாலையை மறித்து எடுத்தார்கள். வெயில் கான்கிரீட்டில் பட்டுத் தெறிக்கும் அந்தக் காட்சிகளில் ஹெச்டிஆர் செய்யும் வேலை துல்லியமாகத் தெரியும்: காரின் குரோமில் பளிச்சிடும் ஒளிப்புள்ளி வெறும் வெள்ளையாக அடைபட்டுப் போகாமல் உலோகமாகவே நிற்கும்.

இயக்குநர் ஒப்புதல் என்ற முத்திரையைப் பற்றி ஒரு இடைச்செருகல். ஃப்ரீட்கின் படங்களில் அந்த முத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ‘தி ஃப்ரெஞ்ச் கனெக்ஷன்’ படத்தின் 2009 ப்ளூ-ரேயில் அவர் நிறங்களை வெளுக்கவைத்துப் பிதுங்கவிட்டதை, அதன் ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் வெளிப்படையாகவே எதிர்த்தார். 2012ல் திருத்திய பதிப்பு வந்த பிறகுதான் ரசிகர்கள் அமைதியானார்கள். நம் படத்துக்கு அந்தக் கதி நேரவில்லை. ஆனால் முல்லர் 2018ல் காலமாகிவிட்டார். 2023 நிறச் சீரமைப்பில் அவருடைய கண் இல்லை. ஃப்ரீட்கினும் அதே 2023 ஆகஸ்டில் மறைந்தார். இனி யார் புதிதாகப் பதிப்பித்தாலும் இருவருமே இல்லாமல்தான்.

உங்கள் டிவி இதைத் தாங்குமா

கடையில் 4கே ஹெச்டிஆர் என்று ஒட்டிய ஸ்டிக்கரை நம்பி வாங்கினால் ஏமாறும் இடம் இது. திரையின் வெளிச்சத்தை நிட் என்ற அலகில் அளப்பார்கள்; சாதாரண வீடியோ 100 நிட் வெளிச்சத்தைக் கணக்கிட்டுத் தயாரிக்கப்படுவது. ஹெச்டிஆர் பெரும்பாலும் 1,000 நிட்டைக் கணக்கிட்டு. விலைகுறைந்த டிவிகள் 250, 300 நிட்டுக்கு மேல் போகாது. சிக்னலை வாங்கிக்கொள்ளும்; காட்டத் தெம்பிருக்காது. அப்போது டிவி முழுப் படத்தையும் அமுக்கி இருட்டாக்கும். பாதிப் படம் நிழலறைகளிலும் மாலை வெளிச்சத்திலும் நடப்பதால் இது கதைக்கே கேடு. அப்படிப்பட்ட டிவியில் ஹெச்டிஆர் வட்டைவிட 2016 ப்ளூ-ரே நன்றாகத் தெரியும். சொல்வதற்குச் சங்கடமாக இருந்தாலும் அதுதான் நிஜம். 600 நிட்டைத் தாண்டும் டிவி, அல்லது ஓலெட் இருந்தால் அல்ட்ரா ஹெச்டிக்குச் செலவழியுங்கள்.

தெளிவுத்திறனை மட்டும் நினைத்து வாங்குபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நல்ல பார்வை உள்ளவர் 43 அங்குல டிவியை ஐந்தரை அடிக்கு அப்பாலும், 55 அங்குல டிவியை ஏழடிக்கு அப்பாலும் உட்கார்ந்து பார்த்தால் 1080பி-யின் புள்ளிகளையே கண் பிரித்தறியாது. அதற்கு மேல் நான்கு மடங்கு புள்ளி கொடுத்து என்ன பயன்? நம் வீட்டுக் கூடங்களில் சோபா பெரும்பாலும் எட்டுப் பத்தடி தள்ளித்தான் கிடக்கும். அங்கே பலன் தருவது நிறமும் வெளிச்ச வீச்சும்தான்.

பிளேயர் விஷயம். ஒப்போ 2018லும் சாம்சங் 2019லும் இந்தத் தொழிலைவிட்டு விலகிவிட்டன. எளிதில் கைக்கு வருபவை சோனி, பானசோனிக். சோனியின் யூபிபி-எக்ஸ்700 பலரும் வாங்குவது. அதில் ஒரு குறும்பு உண்டு: டால்பி விஷனை அமைப்புப் பட்டியலில் நாமேதான் இயக்க வேண்டும். இந்தப் படத்துக்கு இயக்கிவிட்டு, பிறகு டால்பி விஷன் இல்லாத வட்டைப் போடும்போது அணைக்க மறந்தால் அதையும் டால்பி விஷனாகத் திரித்து அனுப்பும், நிறங்கள் கோணிப்போகும். சாம்சங் டிவிகளில் டால்பி விஷனே கிடையாது. கவலை வேண்டாம், ஹெச்டிஆர் உள்ள எல்லா அல்ட்ரா ஹெச்டி வட்டிலும் ஹெச்டிஆர்10 அடித்தளமாகக் கட்டாயம் இருக்கும்; அது ஓடும்.

வட்டு டிரைவ் உள்ள பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இரண்டும் அல்ட்ரா ஹெச்டியை ஓட்டும், ஹெச்டிஆர்10ல் மட்டும். பிஎஸ்4, பிஎஸ்4 புரோ ஓட்டாது. ‘புரோ 4கே ஆயிற்றே’ என்று நினைத்து வட்டை வாங்கிவிட்டுத் தலையில் கைவைத்தவர்கள் உண்டு. அந்தக் கன்சோலின் 4கே கேமுக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும்தான். கணினியில் அல்ட்ரா ஹெச்டி பார்க்கும் எண்ணம் இருந்தால் கைவிடுவது நல்லது. முறையான வழிக்கு இன்டெல் சில்லில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பதினோராம் தலைமுறை முதல் அதை எடுத்துவிட்டார்கள். புதிய கணினி வாங்கியவருக்கு வழி அடைபட்டுப்போனது இப்படித்தான்.

ஹெச்டிஎம்ஐ கேபிள் நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்குவதாக இருக்கட்டும். டிவியின் எல்லாத் துளைகளும் ஒன்றல்ல. 4கே பாதுகாப்புக்கான ஹெச்டிசிபி 2.2 உள்ள துளையில் செருகுங்கள். பல டிவிகளில் அந்தத் துளைக்கு ‘விரிவாக்கிய சிக்னல்’ என்ற அமைப்பைத் தனியாக இயக்கவும் வேண்டும். இதைச் செய்யாவிட்டால் படம் வரும், ஆனால் வெறும் 1080பி-யாக, ஹெச்டிஆர் இல்லாமல் வரும். வட்டின்மீது பழி விழும். டிவியில் ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையேல் அசைவை வழுக்கவிடும் வசதியையும் இரைச்சல் குறைப்பையும் கையால் அணையுங்கள். இரைச்சல் குறைப்பு பிலிம் துகளைத்தான் இரைச்சல் என்று நினைத்துத் துடைக்கும். காசு கொடுத்து வாங்கியதைத் துடைத்தெறிவானேன்?

ஒலி: 5.1 எப்போதும் உயர்ந்ததல்ல

1985ல் தியேட்டர்களில் ஓடியது டால்பி ஸ்டீரியோ கலவை. இடம், நடு, வலம், பின்புறம் என நான்கு ஒலித்தடங்களை இரண்டில் மடித்துவைத்த முறை அது. ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பாஸ் ஸ்பீக்கருக்குமான 5.1 என்பது பிற்காலத்தில் பிரித்தடுக்கியது. வட்டில் இரண்டும் இருந்தால் இரண்டில் மடித்த பழைய கலவையான 2.0 தடத்தைத் தேர்ந்தெடுத்து, ரிசீவரில் டால்பி சர்ரவுண்ட் அல்லது ப்ரோ லாஜிக்கை இயக்குங்கள். மடித்த தடங்கள் விரிந்து, வசனம் நடு ஸ்பீக்கருக்கும் துரத்தலின் இரைச்சல் பின்னுக்கும் போகும். ‘நேரடி’ அல்லது ‘ஸ்டீரியோ’ என்று விட்டுவிட்டால் விரிக்காது. வெறும் சவுண்ட்பார் வைத்திருப்பவர்களுக்கு 2.0தான் பொருத்தம், வசனம் இசையில் முங்கினால் ஆங்கில வசன எழுத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். கள்ளநோட்டை ‘பேப்பர்’ என்றே சொல்லிக்கொண்டு போகும் ஆட்கள் இவர்கள், எழுத்து உதவும்.

யாருக்கு எது

600 நிட் டிவியும் அல்ட்ரா ஹெச்டி பிளேயரும் ஏற்கெனவே இருந்தால் கினோ, எந்த நாடாக இருந்தாலும். பிளேயரும் டிவியும் இந்த ஒரு படத்துக்காக வாங்கவேண்டி வந்தால் வேண்டாம். ‘ஏ’, ‘பி’ நாடுகளில் சாதாரண ப்ளூ-ரே பிளேயர் வைத்திருப்பவருக்கு 2016 பதிப்புகளில் தன் குறியீட்டுக்கு உரியது. அவை இப்போது பெரும்பாலும் கைமாறிய பிரதிகளாகக் கிடைப்பவை, ஆகவே வட்டின் புகைப்படங்களைக் கேட்டு வாங்குங்கள். இந்தியா, இலங்கையில் சாதாரண ப்ளூ-ரே பிளேயர் மட்டும் இருந்தால், கணினிக்கு ஒரு யூஎஸ்பி ப்ளூ-ரே டிரைவும் 2016 வட்டும். அதுவும் இல்லையென்றால் டிவிடியில் ஒருமுறை பார்த்து, படம் பிடித்ததா என்று தெரிந்துகொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஸ்ட்ரீமிங்கில் தட்டுப்பட்டால் பாருங்கள். நம்பி உட்காராதீர்கள், இப்படிப்பட்ட படங்களின் உரிமம் மாதக்கணக்கில் வரும், போகும்.

இந்தியாவுக்கு வரவழைக்கிறவர்கள் வட்டின் விலையோடு அனுப்புசெலவு, சுங்கத் தீர்வை, கூரியர்காரர் சுங்க வேலைக்குப் போடும் கட்டணம் மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒற்றை வட்டுக்கு இந்தக் கூடுதல் செலவு கனமாக விழும். நான்கைந்து வட்டுகளைச் சேர்த்து வரவழைத்தால் பங்கு குறையும். உள்நாட்டு இணையச் சந்தையில் சந்தேகப்படும் அளவுக்கு மலிவாகக் கிடைத்தால் வட்டின் அடிப்பக்கப் புகைப்படத்தைக் கேளுங்கள். ஆலையில் அழுத்திய டிவிடி வெள்ளிபோல மின்னும். எழுதிய டிவிடி ஊதா அல்லது நீலம் ஓடும். கள்ளநோட்டுப் படத்துக்குக் கள்ள வட்டு பொருத்தம்தான், ஆனாலும்.

பெட்டி வந்ததும் குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் நடுவில் வட்டைப் பிடிக்கும் பற்கள் உடைந்து வட்டு உள்ளே அலைந்திருக்கிறது. மூன்றடுக்கு வட்டுகள் கைரேகைக்கே சினக்கும். படம் நடுவில் உறைந்து நின்றால் உடனே திருப்பி அனுப்பாமல், மெல்லிய மைக்ரோஃபைபர் துணியில் ஓரிரு சொட்டு காய்ச்சிவடித்த நீர் விட்டு நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாக அல்ல. பிளேயரின் ஃபர்ம்வேரையும் (உள்ளிருக்கும் மென்பொருள்) புதுப்பியுங்கள். அதற்குப் பிறகும் அதே நிமிடத்தில் நின்றால் வட்டில்தான் கோளாறு.

மாற்று முடிவைப் பற்றி: ஸ்டுடியோ கேட்டதால் ஃப்ரீட்கின் எடுத்துக் கொடுத்து, பிறகு தன் முடிவையே வைத்துக்கொண்டது அது. ஆவணப்படத்திலும் இறுதிக் காட்சிகளைப் பற்றித் தாராளமாகப் பேசுகிறார்கள். வட்டைப் போட்டதும் கூடுதல்கள் பக்கம் போகாமல் நேரே படத்தை ஓட்டுங்கள். அந்த இரண்டு அதிகாரிகளில் ஒருவரான வுகோவிச் தன்னைப் பிரிந்திருக்கும் மனைவியைத் தேடிப்போகும் நீக்கிய காட்சியை அதற்கடுத்தும், மாற்று முடிவை எல்லாவற்றுக்கும் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.